ஊசி நுழையாத தெரு

தீயணைப்பு நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊசி என்றால்தான் தெரியும். ஒல்லியான ஆள் என்பதால் வந்த பெயரல்ல. நல்ல வாட்டசாட்டமான மனிதர். எப்பேர்ப்பட்ட சந்தாக இருந்தாலும் அந்தப் பெரிய வண்டியை நூல் கோர்ப்பது மாதிரி உள்ளே விட்டுவிடுவார், அதனால் வந்த பெயர். "ஊசியண்ணன் கண்ணைச் சுருக்கினா போதும், வண்டி மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கும்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த நிலையத்தைக் கட்டியபோது சுற்றிலும் நாலைந்து தெருக்கள் இருந்தனவாம். இப்போது எத்தனை என்று கேட்டால் நிலைய அதிகாரியே தலையைச் சொறிவார். நகரம் நாலா பக்கமும் பிதுங்கிக்கொண்டு போயிற்று. நிலையம் மட்டும் அதே ஒன்றுதான். வண்டி இரண்டு, அதில் ஒன்று எந்நேரமும் பட்டறையில் கிடக்கும்.

ஊசியின் வீடு அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பேருந்துச் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் இருந்தது. கல்யாணம் முடித்து அவர் அங்கே குடிவந்த காலத்தில் வீட்டுக்கு ஒரு குடும்பம். பிறகு வேலை தேடி ஆட்கள் வந்தார்கள், வந்தவர்களைத் தேடி அவர்களுடைய ஆட்கள் வந்தார்கள், வாடகை எகிறியது. பக்கவாட்டில் வளர இடமில்லாத வீடுகள் மேலே வளர்ந்தன. மேலே வளர முடியாதவை முன்னால் நகர்ந்தன. ஒருவர் படிக்கட்டை வெளியே இழுத்தார். ஒருவர் அந்தப் படிக்கட்டுக்கு அடியில் கடை போட்டார். தெருவை அடைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆளுக்கு ஒரு முழம், அவ்வளவுதான்.

ஊசியின் பங்கு ஓர் அறை.

அவருடைய தங்கை, புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாகப் பெட்டி படுக்கையோடு வந்து நின்ற நாளில் அவரால் வேறென்ன செய்ய முடியும்? மாப்பிள்ளை நகரப் பேருந்து ஓட்டுபவர். குடியிருந்த வீட்டைத் திடீரென்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊசியின் வீட்டில் இருந்ததே ஓர் அறையும் சமையலறையும்தான். அதில் அவரும் மனைவியும், படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கால் நீட்டிப் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று வாசலில் தகரம் அடித்து மறைத்துக் கொடுத்தார். மழை வந்தது, தகரம் ஒழுகியது. செங்கல் வைத்தார். செங்கல் வைத்த பிறகு ஜன்னல் இல்லாமல் புழுங்கியது. ஜன்னல் வைத்தார். எதிர்வீட்டு லோடு ஆட்டோக்காரர் இடுப்பில் கைவைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் தன் படிகளையும் நாலு படி முன்னால் இறக்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் எதுவும் கேட்க முடியாதபடி ஆகிவிட்டது. நல்ல சிநேகிதமாகவே இருந்தார்கள்.

அந்த முன்னறையில் தங்கை குடும்பம் வருஷக்கணக்கில் தங்கிவிட்டது. ஊசிக்கு அது பாரமாகத் தெரியவில்லை. வேலை முடிந்து வந்தால் தங்கை பிள்ளைகள் "மாமா, இன்னைக்கு எங்க நெருப்பு?" என்று ஓடி வரும். தங்கையும் அண்ணியும் சண்டை போடாத நாளும் கிடையாது, சேர்ந்து சாப்பிடாத நாளும் கிடையாது. வீடு என்றால் அப்படித்தானே.

ஒரு மத்தியானம். நிலையத்தில் தொலைபேசி மணி அடித்தது. எடுத்த பணியாளர் முகவரியைத் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டே ஊசியை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, உங்க தெருண்ணே. யாரோ தையல்காரம்மாவாம். மூணாவது மாடி."

தையல்காரம்மாவை அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடை முழுக்க அந்த அம்மாளின் கையில் தைத்ததுதான். தைத்த துணியை வாங்க வராமல் இழுத்தடித்தால், "உம்புள்ள வளர்றதுக்குள்ள வந்து வாங்கிட்டுப் போம்மா" என்று ஜன்னலிலிருந்தே கத்துவாள். மாடியில் எழுப்பிய ஒற்றை அறை; துணிக் குவியல், மெஷின், அடுப்பு எல்லாம் அதற்குள்ளேதான்.

வண்டி கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. மேம்பாலத்துக்குக் கீழே பேருந்துகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. படியில் தொங்கியவர்கள் கீழே இறங்கி நின்று எட்டிப் பார்த்தார்கள். சைரன் அலறியது. அது எல்லோர் காதிலும் விழுந்தது. ஒதுங்கத்தான் யாருக்கும் இடமில்லை. ஒரு நடத்துனர் இறங்கி ஓடிவந்து முன்னாலிருந்த கார்களைத் தட்டித் தட்டி நகர்த்தப் பார்த்தார். ஒரு கார் அரை அடி நகர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிலைய அதிகாரி பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஊசியின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. மனசு முன்னாலேயே தெருவுக்குள் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவர் பைக்கில் போயிருக்கிறார், நடந்து போயிருக்கிறார். வண்டியோடு போனதில்லை. போக வேண்டிய தேவை வந்ததில்லை. இப்போதுதான் வண்டிக்காரனின் கண்ணோடு அதைப் பார்த்தார். முனையில் மின்கம்பம், கொஞ்சம் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். அப்புறம் குடிநீர்க் குழாய், கண்ணாடியை மடக்கினால் போகலாம். அதற்கப்புறம் எதிர்வீட்டுப் படிகள். இந்தப் பக்கம், தன்னுடைய முன்னறைச் சுவர்.



தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது மாடியில் புகை கறுப்பாகச் சுருண்டுகொண்டிருந்தது. ஆட்கள் பைக்குகளைத் தூக்கித் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மின்கம்பத்தைத் தாண்டினார். குழாயைத் தாண்டினார். தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"போகுமா ஊசி?" என்றார் அதிகாரி.

"போகாது சார்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. அதிகாரி ஒரு கணம் நம்பாமல் அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்து குதித்தார்.

முன்னறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை, நுரையோடு. அவள் வண்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். ஒரே அழுத்து அழுத்தினால் அந்த ஒற்றைச் செங்கல் சுவர் நொறுங்கிவிடும். ஊசியின் கால் பெடலில்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையின் சின்னவன் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று காலையில் மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. காலை எடுத்துவிட்டார்.

ஹோஸ் பைப்புகளை ஒன்றோடொன்று இணைத்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தெருவே கூட ஓடி இழுத்தது. தையல்காரம்மாவின் வீட்டுக்கு அருகில் போவதற்குள் பைப் ஒரு படிக்கட்டு முனையில் மடங்கித் தண்ணீர் நின்றுபோனது. அதை நிமிர்த்த இன்னும் கொஞ்ச நேரம். நிலையத்து ஆட்கள் இரண்டு பேர் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். அந்த மாடிப்படி ஒரு ஆள் ஏறும் அகலம்தான். தையல்காரம்மாவை முதுகில் போட்டுத்தான் இறக்க முடிந்தது.

ஆம்புலன்ஸ் பேருந்துச் சாலையிலேயே நின்றுவிட்டது. அதன் வழியை மறித்துக்கொண்டு நின்றது ஊசியின் வண்டி. தையல்காரம்மாவை நாலு பேர் கையில் ஏந்தி வண்டிக்கும் முன்னறைச் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒருக்களித்து நுழைந்து போனார்கள். அவள் விரல் ஒன்றில் தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க மாட்டும் இரும்பு விரலுறை அப்படியே இருந்தது. ஊசி வண்டியிலிருந்தபடியே அதைப் பார்த்தார்.

அரசு மருத்துவமனையில் அவளுக்குக் கட்டில் கிடைக்கவில்லை. தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சரிலேயே வைத்துப் பிராணவாயு கொடுத்தார்களாம். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

யாரும் ஊசியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "குறுகலான தெரு, வாகனம் செல்ல இயலவில்லை" என்று அறிக்கை போயிற்று. தெருவில் கூட "பாவம், ஊசி என்ன பண்ணுவாரு" என்றுதான் பேசிக்கொண்டார்கள். சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. சோறு இறங்கவில்லை. முன்னறை வழியாக வீட்டுக்குள் போகும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்துத் தையல்காரம்மாவின் புருஷன் நிலையத்துக்கு வந்தார். வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் மனிதர், அதிகம் பேசாதவர். மாடி ஏறிய இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி வண்டிக்குப் பின்னால் போய்த் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பொறுக்க மாட்டாமல் வெளியே வந்தார்.

"வண்டி நின்னது என் வீட்டு வாசல்லங்க. என் சுவருதான்."

"தெரியுங்க. நானும் பின்னாடியே ஓடி வந்தேன், பார்த்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "நாங்க இருந்த ரூமே அனுமதி இல்லாம எழுப்புனதுதான். இன்னும் ரெண்டடி அகலமா படி வெச்சிருந்தா அவ தானா இறங்கி வந்திருப்பா. வாடகைக்கு அதுதானே கிடைச்சுது? யாரைன்னு சொல்றது?"

அவர் போய்விட்டார். அந்த மனிதர் திட்டியிருந்தால் ஊசி ஒருவேளை அந்தச் சுவரோடு வாழப் பழகியிருப்பார்.

மறுநாள் மாநகராட்சிக்குப் போய்ப் பொறியாளரைப் பார்த்தார். அறை வாசலில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை பொங்குகிறது என்று ஒரு கூட்டம். பொறியாளர் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து வைத்திருந்தார், சாப்பிடவில்லை. ஊசி சொன்னதை எல்லாம் கேட்டார்.

"தெரு மொத்தத்தையும் நீங்க ஒழுங்குபடுத்திக் குடுங்க சார். என் வீட்டுல இருந்தே ஆரம்பிங்க."

"இந்தத் தெருவுக்குப் ப்ளான் போட்டப்ப வீட்டுக்கு ஒரு குடும்பம்ணே. இப்ப படிக்கட்டுக்கு ஒரு குடும்பம்." கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "நோட்டீஸ் குடுக்கிறது பெரிய விஷயமில்ல. நான் இடிச்சா, உள்ள இருக்கிறவங்க எங்க சார் போறதுன்னு கேப்பாங்க. போன தடவை ஒரு அம்மா கைக்குழந்தையோட கேட்டுச்சு. இன்னும் என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருக்கா?"

 அன்று சாயங்காலம் ஊசி வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

"முன்னறையை எடுத்துடலாம்னு இருக்கேன்."

மனைவி முதலில் அவர் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க, உங்களுக்கு என்னங்க ஆச்சு? இவங்க எங்க போவாங்க?"

"உள்ள எல்லாரும் சமாளிச்சுக்கலாம்."

"எப்படிச் சமாளிக்கிறது? ஆள் மேல ஆள் அடுக்கியா?" என்றாள் தங்கை.  "அந்த அக்கா செத்ததுக்கு நான் மட்டும் அழலையா? எம்பொண்ணு போட்டிருக்கிற துணி அவங்க தைச்சதுதாண்ணா. அதுக்காக ஒரு உயிர் போச்சுன்னு நாலு உயிரைத் தெருவுல நிறுத்துவியா? நீ ஒருத்தன் இடிச்சா தெரு அகலமாயிடுமா? எதிர்வீட்டுக்காரரு இடிப்பாரா? கடைக்காரரு இடிப்பாரா?"

"அவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. வண்டி நின்னது நம்ம வாசல்ல."

"வண்டி, வண்டி! உனக்கு எப்பவும் வண்டிதான்."

 மாப்பிள்ளை நாள் முழுக்க ஜனங்களை ஏற்றி இறக்கிவிட்டு வந்தவர். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "மச்சான் சொல்றதுல தப்பில்ல" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். தங்கை அவரைப் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் அதுவும் சொல்லவில்லை.

ஊசி அவசரப்படுத்தவில்லை. மாதம் ஒன்று ஆயிற்று. ஒரு நாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தங்கை சாமான்களை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நகரத்தின் கடைசியில், புதிதாக எழுப்பியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் பிடித்திருந்தார்கள். அண்ணியிடம் சொல்லிக்கொண்டாள், அண்ணன் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணனுக்கு ஒரு வார்த்தை விட்டுப் போகவில்லை. அறை கூட்டிப் பெருக்கி வெறுமையாக இருந்தது. அவள் அதைக் கூட்டிவிட்டுப் போயிருந்ததுதான் ஊசியை உலுக்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதார்.

அடுத்த விடுமுறை நாளில் சம்மட்டி எடுத்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஒற்றைச் செங்கல் சுவர்தான், மத்தியானத்துக்குள் தரைமட்டமாகிவிட்டது.

மறுநாள் காலையில் பார்த்தால் அந்தக் காலி இடத்தில் எதிர்வீட்டுக்காரரின் லோடு ஆட்டோ நிற்கிறது.

"என்னண்ணே இது?"

"சும்மாதானே கிடக்கு? மழை வந்தா எடுத்துடறேன்" என்றார் அவர், மழைக்கும் ஆட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று இருவருக்குமே தெரியாமல்.

ஊசிக்கு வந்த ஆத்திரத்தில் சம்மட்டியை மறுபடி கையில் எடுத்திருப்பார். மனைவி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவார், "அண்ணே, வண்டியை எடுங்க" என்பார். அவர் முனகிக்கொண்டே எடுப்பார். மறுநாள் மறுபடி நிற்கும். மறுபடி தட்டுவார். இது பாட்டுக்கு நடந்தது. கடைசியில் லோடு ஆட்டோக்காரர் வெறுத்துப்போய், "உங்க தொல்லைக்கு நான் பேருந்துச் சாலையிலயே நிறுத்திக்கிறேன், போங்க" என்றார்.

ஊசி அதிகாரியிடம் கேட்டு ஒரு நாள் காலையில் ஒத்திகை என்று சொல்லி வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவந்தார். சைரன் போடவில்லை. மின்கம்பம், குழாய், தன் வீடு, எல்லாவற்றையும் தாண்டி வண்டி மெல்ல உருண்டது. மளிகைக்கடைப் பந்தல் வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் இடமில்லை. ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஊசி இறங்கி யாருக்கும் புத்தி சொல்லவில்லை. வண்டியை அணைத்துவிட்டு, அது நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்கவிட்டார். அதற்கு அந்தப் பக்கத்தில் இருந்த வீடுகளில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள், படுக்கையில் கிடக்கும் பெரியவர்களை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மளிகைக்கடைக்காரர் பந்தலைப் பிரித்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் படிகளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக் கட்டினார்கள். மற்றவர்கள் அசையவில்லை. தெரு திருந்திவிட்டது என்று சொன்னால் பொய். கடைசி வீடுகளுக்கு வண்டி இன்றைக்கும் போகாது. தையல்காரம்மாவின் வீடு வரைக்கும் போகும்.

தங்கை பேசவில்லை. போன் செய்தால் பிள்ளைகள் எடுத்தார்கள். "அம்மா வேலையா இருக்கு மாமா" என்றார்கள். மாதங்கள் போயின. "நீங்களா போய்ப் பாருங்க, குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி நச்சரித்ததில் ஒரு விடுமுறை நாளில் கிளம்பினார்.

இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தது. இரண்டிலும் நின்றுகொண்டே போனார். நின்றுகொண்டு என்றால், கால் தரையில் பட்டதும் படாததுமாக. யாருடைய முழங்கையோ விலாவில், யாருடைய பையோ முகத்தில். ஏறும்போது இருந்த சட்டைப் பொத்தான் இறங்கும்போது இல்லை.

அங்கே சாலை நல்ல அகலம். அதில் போகத்தான் பேருந்து இல்லை. வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கட்டடங்கள். கீழே தண்ணீர் லாரியைச் சுற்றிக் குடங்கள். நாலாவது மாடியில் தங்கை கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். 

"வாங்க" என்றாள். எப்போதும் "வா" என்பவள்.

அவர் உட்கார்ந்தார். தண்ணீர் வந்தது. டீ வந்தது. பிள்ளைகளைக் கேட்டார்.

"பழைய ஸ்கூலுக்குத்தான் போறாங்க. இங்க ஸ்கூல் இன்னும் கட்டலை. இருட்டோட கிளம்புனாத்தான் மணிக்குப் போக முடியும். சின்னவன் பஸ்லயே தூங்கிடறான். ஒரு நாள் இறங்குற ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டான்." சொல்லிவிட்டுக் காலி டம்ளரை எடுத்தாள். "இன்னும் ரெண்டு வருஷத்துல எல்லாம் வந்துடும்னு சொல்றாங்க."

ஊசி, தெருவில் வண்டி இப்போது எது வரை போகிறது என்று மெதுவாகச் சொன்னார்.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பி நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த அக்கா வீடு வரைக்கும் போகுதா?"

"போகுது."

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு சொன்னாள்: "நீ செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணா. சரின்னு சொல்லவும் வரல. எம்புள்ளைங்க தினம் படுற பாட்டைப் பார்க்கிறவ நான்."

"சொல்ல வேணாம்மா."

சாயங்காலம் விடைபெற்றுக் கீழே இறங்கினார். நிறுத்தம் கட்டடத்துக்கு நேர் கீழே. கூட்டம் சாலை வரைக்கும் வழிந்து நின்றது. முதலில் வந்த பேருந்து படியில் கொத்துக் கொத்தாக ஆட்களோடு நிற்காமலே போயிற்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று வேகத்தைக் குறைத்தது. ஏற நினைத்துக் கம்பியைப் பிடித்தவரை உள்ளேயிருந்து யாரோ "இடமில்ல பெரியவரே, விழுந்துடுவீங்க" என்று கையை எடுத்துவிட்டார்கள். பெரியவர் என்று அவரை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. தங்கை. மாடிப்படி இறங்கி ஓடிவந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மேல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இனி வர்றதும் இப்படித்தான் வரும். வா, காலையில போகலாம். அவரு எடுக்கிற முதல் வண்டியில உக்காந்துக்கிட்டே போகலாம்."

"உங்களுக்கே இடம் பத்தாதேம்மா" என்றார் ஊசி.

"நாலு பேரு படுக்கிற இடத்துல அஞ்சு பேரு படுக்க மாட்டோமா? பேசாம வாண்ணா" என்று அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.